ஆர்க்கிட்டுக்கு கிழக்கு ஜன்னல்னு எந்த ஊர்ல இருந்து சொல்றாங்க?

ஆர்க்கிட் வளர்க்கறது எப்படின்னு நெட்ல தேடினா முதல் பத்து வரிக்குள்ள இது வந்துடும்: கிழக்கு பாத்த ஜன்னல்தான் பெஸ்ட், தெற்கு ஜன்னல்னா ஒரு திரை போட்டுக்கோங்க, வடக்குன்னா மறந்துடுங்க. அமெரிக்கன் ஆர்க்கிட் சொசைட்டியோட குறிப்புலயும் ஃபெலனாப்சிஸுக்கு, அதாவது கடைல எல்லாரும் முதல்ல வாங்கற ஆர்க்கிட் வகைக்கு, கிழக்கு ஜன்னல்னுதான் போட்டிருக்கும். அதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா அவங்க ஊர் சூரியன் வேற நம்ம ஊர் சூரியன் வேற. நம்ம ஆளுங்க அதை அப்படியே தமிழ்ல யூட்யூப் வீடியோவா பேசிடறாங்க, அதைப் பாத்துட்டு வேளச்சேரில ஃப்ளாட் வச்சிருக்கறவங்க காம்பஸ் ஆப் எடுத்து பால்கனிக்கு திசை பாத்துட்டு, ஐயோ நமக்கு வடக்கு, ஆர்க்கிட் ராசி இல்லன்னு விட்டுடறாங்க.

லண்டனை எடுத்துக்கோங்க. அங்க ஜூன் மாசம் சூரியன் வருஷத்துலயே உச்சத்துல இருக்கறப்ப, மத்தியானம் அடிவானத்துல இருந்து 62 டிகிரி உயரம். டிசம்பர்ல வெறும் 15 டிகிரி, அதாவது மத்தியானம் பன்னெண்டு மணிக்கே நம்ம ஊர் சாயங்கால வெயில் மாதிரி சரிஞ்சுதான் இருக்கும், அதுவும் எப்பவுமே தெற்குப் பக்கமா மட்டும். அதனாலதான் அவங்களுக்கு தெற்கு ஜன்னல்னா வெளிச்சம், வடக்கு ஜன்னல்னா இருட்டு, அதுல வருஷம் பூரா எந்த மாத்தமும் கிடையாது. சென்னைல நமக்கு வருஷத்துலயே தாழ்வா இருக்கற மார்கழி மாச உச்சி வெயில் 53 டிகிரி. அவங்களோட உச்சகட்ட கோடைக்கும் நம்மளோட குளிர் காலத்துக்கும் நடுவுல ஒரு ஒம்போது டிகிரிதான் வித்தியாசம்.

இதை விட முக்கியமான விஷயம், நமக்கு சூரியன் ஒரே பக்கம் நிக்காது. நிழலில்லா நாள்னு வருஷா வருஷம் பேப்பர்ல வரும் பாருங்க, பசங்களை பள்ளிக்கூட மைதானத்துல நிக்க வச்சு பாட்டிலோட நிழல் காணாம போறதை காட்டுவாங்களே, அதுதான். சென்னைக்கு அது ஏப்ரல் 24 வாக்குல ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்குல இன்னொரு தடவை. கன்னியாகுமரின்னா ஏப்ரல் ரெண்டாவது வாரத்துலயே வந்துடும். அந்த ரெண்டு நாளுக்கும் நடுவுல இருக்கற கிட்டத்தட்ட நாலு மாசம் மத்தியான சூரியன் நம்ம தலைக்கு வடக்கால இருக்கும். மீதி எட்டு மாசம் தெற்கால. இதை பசங்களுக்கான அறிவியல் சமாச்சாரம்னு எல்லாரும் தாண்டி போயிடறாங்க, ஆனா பால்கனில செடி வைக்கறவங்களுக்கு இதை விட உபயோகமான தகவல் எதுவும் கிடையாதுன்னு நான் சொல்வேன்.

எப்படின்னா, தெற்கு பாத்த பால்கனி வச்சிருக்கீங்கன்னு வைங்க. மேல அடுத்த மாடியோட ஸ்லாப் ஒரு நாலடி நீட்டிக்கிட்டு இருக்கும். மே, ஜூன், ஜூலை மாசத்துல அந்த பால்கனிக்கு நேர் வெயில் கிட்டத்தட்ட வராது, கத்திரி வெயில் ஊரையே வறுத்தாலும் பால்கனி நல்ல வெளிச்சமான நிழலா இருக்கும். ஃபெலனாப்சிஸை கிரில் ஓரத்துலயே வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. அதே பால்கனிக்கு டிசம்பர்ல பாருங்க, சூரியன் தெற்கால சரிஞ்சு கிரில் வழியா நேரா உள்ள வந்து, காலைல ஒம்போதுல இருந்து மூணு மூணரை வரைக்கும் உக்காந்துக்கும். இலை பொசுங்கறது பெரும்பாலும் மே மாசம்னு எல்லாரும் நெனைக்கறோம், தெற்கு பால்கனிக்காரங்களுக்கு அது மார்கழி தை மாசத்துலதான் நடக்கும். எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் வீட்ல பொங்கல் சமயத்துல வரிசையா எல்லா தொட்டிலயும் இலை வெளுத்துப்போச்சு, ஏதோ பூஞ்சைன்னு மருந்து அடிச்சிட்டு இருந்தாங்க, போய் பாத்தா வெளுத்தது எல்லாம் வெளிப்பக்கம் பாத்த இலை மட்டும்தான்.

வடக்கு பால்கனிக்கு இதுக்கு நேர் எதிர். ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் நேர் வெயில்னு ஒண்ணு அங்க வரவே வராது. மே மாசம் வந்தா சூரியன் வடகிழக்குல உதிச்சு வடமேற்குல மறையும், அதனால காலைல ஒரு ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் சாய்வா வெயில் உள்ள வரும். உச்சி வெயிலை ஸ்லாப் மறைச்சுடும். ஆர்க்கிட்டுக்கு இதை விட என்னங்க வேணும்? வடக்கு பால்கனின்னு சலிச்சுக்கறவங்க கிட்ட எல்லாம் நான் இதைத்தான் சொல்றேன், ஃபெலனாப்சிஸுக்கு அது நல்ல இடம், நிறைய வெயில் கேக்கற வாண்டா வகைக்கு மட்டும் ஆசைப்படாதீங்க.

கிழக்கு நல்லதுன்னு சொல்றது நம்ம ஊருக்கும் பொருந்தும், ஆனா சென்னைல அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது கடல்காத்து. மத்தியானம் வாக்குல கிழக்கால இருந்து காத்து உள்ள வர ஆரம்பிச்சதும் கிழக்கு பால்கனில இருக்கற இலை குளுந்துடும். மேற்கு பால்கனிக்கு அந்த கொடுப்பினை இல்ல. மதியம் ரெண்டு மணிக்கு மேல வெயில் முகத்துல அறையும், காத்து பில்டிங்கோட அந்தப் பக்கமே நின்னுடும், செவுரு வேற சூடாகி ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் அனல் விட்டுக்கிட்டு இருக்கும். ஆர்க்கிட்டை கொல்லறது பாதி நேரம் வெளிச்சம் இல்ல, வெளிச்சத்தோட சேர்ந்து வர்ற சூடுதான், இந்த ரெண்டையும் தனித்தனியா பாக்க பழகிட்டா பாதி குழப்பம் போயிடும்.

அதுக்கு ஒரு கருவியும் வேணாம். வெயில் படற நேரத்துல இலையை ரெண்டு விரலால பிடிச்சுப் பாருங்க. காத்துல இருக்கற அதே சூடுதான் இலைலயும் இருந்தா பிரச்சனை இல்ல. இலை கைக்கு சுடுதுன்னு தோணினா அந்த இடம் சரியில்ல, உடனே ஒரு அடி உள்ள தள்ளுங்க, இல்ல ஒரு சின்ன ஃபேன் ஓட விடுங்க. காத்தே இல்லாத மூலைல வெயில்ல இருக்கற தடிச்ச இலை, சுத்தி இருக்கற காத்தை விட பல டிகிரி சூடாகும். அதனால ஒரே அளவு வெளிச்சத்துல காத்து வர்ற இடத்துல இருக்கற செடி பிழைச்சுக்கும், மூலைல இருக்கற செடி வெந்துடும்.

இப்ப வெளிச்சத்தோட அளவுக்கு வரேன். இதுல நம்ம கண்ணை நம்பவே கூடாது. ஹால்ல ட்யூப்லைட் போட்டா பளிச்சுன்னு இருக்குன்னு நமக்கு தோணும், அது 200, 300 லக்ஸ்தான் (லக்ஸ்னா ஒரு இடத்துல விழற வெளிச்சத்தை அளக்கற அலகு). வெளில உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். ரெண்டு இடத்துலயும் நமக்கு பேப்பர் படிக்க முடியும், ஏன்னா கண்ணு தன்னை அட்ஜஸ்ட் பண்ணிக்கும். செடிக்கு அந்த வசதி கிடையாது, அதுக்கு வர்ற வெளிச்சம்தான் சாப்பாடு. ஃபெலனாப்சிஸ் கேக்கறது 10,000ல இருந்து 15,000 லக்ஸ், அதாவது ஆர்க்கிட் புத்தகங்கள்ல 1,000, 1,500 ஃபுட் கேண்டில்னு போட்டிருப்பாங்களே அது. மத்த ஆர்க்கிட் வகைகள்ல கேட்லியா 20,000 முதல் 30,000 வரைக்கும் கேக்கும், டென்ட்ரோபியமும் கிட்டத்தட்ட அந்த பக்கம்தான், இன்னும் கொஞ்சம் கூட தாங்கும். வாண்டா 30,000க்கு மேல. சோஃபா பக்கத்துல டீப்பாய் மேல ஆர்க்கிட் வச்சிருக்கற போட்டோ எல்லாம் கல்யாண வீட்டு வாசல் வாழைமரம் மாதிரிதான், நிக்கறது அழகா நிக்கும் ஆனா அங்க வளரல.

போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் இலவசமாவே கிடைக்குது, அது ரொம்ப துல்லியம் இல்ல ஆனா இங்கயா அங்கயான்னு ஒப்பிட்டுப் பாக்க தாராளமா போதும். ஆண்ட்ராய்ட் போன்ல வெளிச்சத்தை அளக்கற சென்சார் முன்பக்கம் செல்ஃபி கேமரா கிட்ட இருக்கும், அதனால ஸ்க்ரீன் வெளிச்சம் வர்ற பக்கம் பாக்கற மாதிரி, இலை இருக்கற அதே உயரத்துல வச்சு பாக்கணும். நிறைய பேர் நின்னுக்கிட்டே நெஞ்சு உயரத்துல அளந்துட்டு தரைல இருக்கற தொட்டிக்கு கணக்கு போடுவாங்க. எங்க பால்கனில கிரில் ஓரத்துல பத்தாயிரத்துக்கு பக்கத்துல காட்டுற அதே நேரம், நாலடி உள்ள வந்து கதவுகிட்ட வச்சா ரெண்டாயிரம் கூட வராது. கைப்பிடி செவுரு மறைக்கறதால தரைல இன்னும் கம்மி. அதனால கிரில்ல தொங்கவிடறதா ஸ்டாண்ட் வாங்கறதான்னு யோசிக்கறவங்க முதல்ல அளந்து பாத்துட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க. கொசுவலை அடிச்ச ஜன்னல், சன் ஃபிலிம் ஒட்டின கண்ணாடி, ரெண்டுமே சத்தமில்லாம வெளிச்சத்தை தின்னுடும். இலை மேல படியற ரோட்டு தூசியும்தான், வாரம் ஒருக்கா ஈரத்துணியால தொடச்சு விடுங்க, வேற எதுக்கு இல்லன்னாலும் இதுக்காக.

போனும் வேணாம்னா இருக்கவே இருக்கு கை. இலைக்கு ஒரு அடி மேல கையை விரிச்சு பிடிச்சு நிழலைப் பாருங்க. விரல் விரலா ஓரம் கூர்மையா நிழல் விழுந்தா அது வாண்டாவுக்கான வெளிச்சம். கை மாதிரி தெரியுது ஆனா ஓரம் கலங்கி இருக்குன்னா ஃபெலனாப்சிஸுக்கு சரி. நிழலே விழலைன்னா அங்க மணி ப்ளான்ட் வச்சுக்கோங்க. இதை காலைல ஒரு தடவை, உச்சில ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவைன்னு பாக்கணும், ஒரே நேரத்துல பாத்துட்டு முடிவு பண்ணக்கூடாது. ஆபீஸ் போறவங்க ஞாயித்துக்கிழமை பாத்தா போதும், ஆனா மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது பாருங்க, ஏன்னா மேல சொன்ன மாதிரி சூரியன் நகர்ந்துக்கிட்டே இருக்கு.

எல்லாத்தையும் விட நேர்மையா பேசறது இலைதான். இதுல ஒரு பெரிய தப்பபிப்பிராயம் இருக்கு. எங்க சித்தி தாம்பரத்துல இருக்காங்க, அவங்க வீட்ல ஒரு டென்ட்ரோபியம், சோனியான்னு சொல்வாங்களே, ஊதாவும் வெள்ளையுமா பொக்கேல எல்லாம் வருமே அந்த வகை, சிட் அவுட் உள்ள தள்ளி வச்சிருந்தாங்க. "ஏண்டி, இலை எவ்ளோ கரும்பச்சையா ஜம்முனு இருக்கு பாரு, இதுக்கு மேல என்ன வெளிச்சம் வேணும்ங்கற?"ன்னு என்கிட்டயே கேட்டாங்க. அந்த கரும்பச்சைதாங்க பிரச்சனையே. வெளிச்சம் பத்தாத செடி கிடைக்கற கொஞ்சத்தையும் பிடிக்கணும்னு பச்சையத்தை அதிகமா சேர்த்து வச்சுக்கும், அதனால இலை கருகருன்னு, நீளமா, தொளதொளன்னு தொங்கும். பாக்க செழிப்பா இருக்கும், பூ மட்டும் வராது. சரியான வெளிச்சத்துல இருக்கற இலை லேசா மஞ்சள் கலந்த இளம்பச்சையா, விறைப்பா நிக்கும். டென்ட்ரோபியம், கேட்லியா, வாண்டாவுல எல்லாம் இலையோட ஓரத்துலயோ அடிப்பக்கத்துலயோ ஒரு செம்மை தட்டுச்சுன்னா அது உச்ச வரம்புக்கு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல வெயில் ஏத்தாதீங்க. சித்திகிட்ட அதை கைப்பிடி செவுத்துப் பக்கம் கொண்டாந்து வைக்கச் சொன்னேன், "நல்லா இருக்கறதை எதுக்கு நோண்டற"ன்னு ஒரு மாசம் இழுத்தடிச்சாங்க. அப்புறம் வச்சாங்க. அடுத்து வந்த தண்டுல கொத்தா பூத்துது, இப்ப ஃபோன் பண்ணா உடம்பு எப்படின்னு கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை பூன்னு சொல்லிடறாங்க.

இலை பொசுங்கினா எப்படி தெரியும்னா, முதல்ல வெயில் நேரா பட்ட இடம் மட்டும் வெளுத்து சோகையா ஆகும், அப்புறம் பழுப்பாகி காஞ்ச காகிதம் மாதிரி ஆகிடும், சில சமயம் கறுப்பாவும் ஆகும். நோய்னா நாளுக்கு நாள் பரவும், இது பரவாது, பட்ட இடத்தோட நின்னுடும். அதனால அந்த இலையை வெட்டிப் போடாதீங்க, மிச்சம் இருக்கற பச்சைப் பகுதி இன்னும் வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. தழும்பு போகாது, அவ்ளோதான்.

புதுசா வாங்கிட்டு வந்த செடிக்கு இது ரொம்ப நடக்கும். நர்சரில பாலி ஹவுஸுக்குள்ள வலைக்கு கீழ வளர்ந்த செடி அது, கூரியர் டப்பால வேற மூணு நாலு நாள் இருட்டுல இருந்திருக்கும். வாண்டாவுக்கு வெயில் வேணும்னு படிச்சுட்டு பிரிச்ச உடனே கொண்டு போய் மொட்டை மாடில தொங்கவிட்டா ஒரே மத்தியானத்துல முடிஞ்சுடும். முதல் வாரம் நல்ல நிழல், அப்புறம் காலை வெயில் மட்டும் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம்னு ஒரு மூணு வாரமாவது இழுத்து ஏத்தணும். மழைக்காலம் பூரா மேகத்துக்குள்ள இருந்துட்டு திடீர்னு வெயில் அடிக்கற தை மாசத்துக்கும் இதே கதைதான்.

மொட்டை மாடின்னு சொன்னதால ஷேட் நெட் பத்தி. கடைல 50 சதவீதம், 75 சதவீதம்னு கேட்டு வாங்கலாம், அந்த எண் எவ்ளோ வெளிச்சத்தை மறைக்குதுங்கறதுக்கு, எவ்ளோ விடுதுங்கறதுக்கு இல்ல. ஒரு லட்சம் லக்ஸ் வெயில்ல 50 வலை போட்டாலும் உள்ள 50,000 இருக்கும். டென்ட்ரோபியம் அதுல பழகிக்கும், ஃபெலனாப்சிஸ் செத்துடும். 75 போட்டா 25,000, அதுவும் ஃபெலனாப்சிஸுக்கு ஜாஸ்திதான், அதனால மாடில அதை வளர்க்கணும்னா 75 மேல இன்னொரு 50 போடணும், அப்ப 12,500 வரும். ரெண்டு வலையோட எண்ணையும் கூட்டி 125னு கணக்கு போடாதீங்க, முதல் வலை விட்டதுல பாதியைத்தான் ரெண்டாவது மறைக்குது. வலையை செடி தலை மேல ஒட்டினாப்ல கட்டாம ஏழெட்டு அடி உயரத்துல கட்டுங்க, இல்லன்னா வலையோட சூடே இலைக்கு இறங்கும். எல்லாரும் பச்சை வலைதான் வாங்கறாங்க, கறுப்பு வலை கிடைச்சா அதை வாங்குங்க, அது எல்லா நிற வெளிச்சத்தையும் ஒரே மாதிரி குறைக்கும். மேற்குப் பக்கம் ஒரு வலையை செங்குத்தா தொங்க விடறதை நிறைய பேர் விட்டுடறாங்க, மேல மட்டும் கட்டினா நாலு மணி வெயில் கீழ பூந்து வந்துடும். மே மாசம் மாடித் தரைல காலைலயும் மத்தியானமும் தண்ணி தெளிச்சு விட்டா காங்கை கொஞ்சம் அடங்கும், தண்ணி லாரி வாங்கற அபார்ட்மென்ட்ல அசோசியேஷன் என்ன சொல்லும்னு நீங்களே பாத்துக்கோங்க.

எந்த வெளிச்சத்துக்கு எந்த செடின்னு யோசிச்சு வாங்கறதுதான் புத்திசாலித்தனம், பிடிச்ச செடியை வாங்கிட்டு அப்புறம் வெளிச்சத்தை தேடறது இல்ல. நாள் பூரா வெயில் அடிக்கற மாடியா, உங்களுக்கு மொகாராங்கற வாண்டா கலப்பின வகையும் குச்சி மாதிரி இலை இருக்கற வாண்டா வகைகளும்தான். சிங்கப்பூரோட தேசிய மலரா 1981ல அறிவிச்ச வாண்டா மிஸ் ஜோக்கிம் அந்த குச்சி இலை ஜாதிதான், இப்ப பாப்பிலியோனாந்தேன்னு பேரை மாத்திட்டாங்க. அதுக்கு வலை கிலை எதுவும் வேணாம், முழு வெயில் வேணும், ஒரு கம்பு நட்டா அதுல ஏறி உச்சிய தாண்டி தலை வெளிச்சத்துக்கு வந்தப்புறம்தான் பூக்கவே ஆரம்பிக்கும். ஃப்ளாட் பால்கனில அதை வாங்கி வச்சுட்டு ஏன் பூக்கலைன்னு கேட்டா என்ன சொல்றது. இலை பட்டையா இருக்கற வாண்டா கொஞ்சம் அடக்கமானது, காலை வெயில் ஒரு மூணு நாலு மணி நேரமும் மத்த நேரம் பளீர்னு வெளிச்சமும் இருந்தா போதும்.

நம்ம ஊர் வாண்டாவே ஒண்ணு இருக்கு, வாண்டா டெஸலேட்டா. தமிழ்நாட்டு சமவெளில மாமரத்துலயும் வறண்ட காட்டு மரங்கள்லயும் தானா ஒட்டிக்கிட்டு வளர்ற செடி, பழுப்பும் மஞ்சளும் கலந்து கட்டம் போட்ட மாதிரி இதழ், நல்ல வாசனை. இலை உதிர்க்கற மரத்துல இது இருந்துச்சுன்னா கோடைல மரம் மொட்டையாகி மேல வெயில் நல்லா படும், மழை வந்து மரம் தழைச்சதும் நிழல் வந்துடும். அந்த சுழற்சியை நாம பால்கனில பண்ண முடியாது, ஆனா அந்த செடி எவ்ளோ வெயில் தாங்கும்ங்கறதுக்கு அது ஒரு கணக்கு. நர்சரில விக்கறாங்கன்னா வாங்குங்க, மலைக்கு டூர் போறப்ப மரத்துல இருந்து பிச்சுட்டு மட்டும் வராதீங்க. காட்டு ஆர்க்கிட் எப்படிப்பட்ட மரத்துல எந்த உயரத்துல ஒக்காந்திருக்குன்னு பாக்க ஆசையா இருந்தா ஏற்காட்டுல தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தோட தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கு, போட் ஹவுஸ்ல ஃபோட்டோ எடுக்கற கும்பல்ல பாதி பேருக்கு அது இருக்கறதே தெரியாது.

ஃபெலனாப்சிஸ் பத்தி தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா கடைல எல்லாரும் முதல்ல வாங்கறது அதுதான். வாங்கின பூ ரெண்டு மூணு மாசம் இருக்கும், அப்புறம் வருஷக்கணக்கா இலை மட்டும் விடும். உடனே வெளிச்சம் பத்தலைன்னு வெயில்ல தூக்கி வச்சு பொசுக்கிடுவாங்க. வெளிச்சம் காரணமா இருக்கலாம், ஆனா சென்னைல பெரும்பாலும் காரணம் சூடு. பூந்தண்டு கிளம்பறதுக்கு அந்த செடிக்கு கொஞ்ச வாரமாவது 26 டிகிரிக்கு கீழ குளுமை வேணும், 28க்கு மேலயே இருந்துக்கிட்டிருந்தா இலை இலையாத்தான் போகும். நமக்கு அது கிடைக்கறது மார்கழி, தை மாசத்து ராத்திரிலதான். அதனால அந்த ரெண்டு மாசம் அதை வீட்டுக்குள்ள பொத்தி வைக்காம பால்கனில விடுங்க, கூடவே அந்த சமயத்துல நல்ல வெளிச்சமும் கிடைக்கணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் நடக்கும். தெற்கு பால்கனின்னா அந்த மாசத்து நேர் வெயிலுக்கு ஒரு மெல்லிசான வெள்ளைத் துணி, பழைய வேட்டி கூட போதும், கிரில்ல கட்டி விட்டுடலாம். தண்டு கிளம்பினதும் தொட்டியை திருப்பித் திருப்பி வைக்காதீங்க. தண்டு வெளிச்சம் வர்ற பக்கம் பாத்து வளரும், மொட்டும் அந்தப் பக்கமே முகத்தை திருப்பும், நடுவுல நீங்க தொட்டியை சுத்தினா ஒரு பூ இங்க பாக்கும் ஒரு பூ அங்க பாக்கும். மொட்டு வச்ச செடியை திடீர்னு வேற வெளிச்சத்துக்கு மாத்தினா மொட்டு மஞ்சளாகி கொட்டவும் செய்யும், விருந்தாளி வராங்கன்னு ஹாலுக்கு கொண்டு வரணும்னா பூ முழுசா விரிஞ்சப்புறம் கொண்டு வாங்க.

அதோட வேரும் பச்சையா இருக்கறதை கவனிச்சிருப்பீங்க, தண்ணி பட்டதும் பச்சை அடிக்கும். அந்த வேருக்குள்ளயும் பச்சையம் இருக்கு, அதுவும் வெளிச்சத்தை எடுத்துக்கும், கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் தொட்டில இதை விக்கறதுக்கு அது ஒரு காரணம். ஆனா அந்த தொட்டி மேல நேர் வெயில் பட்டா உள்ள இருக்கற வேர் வேகும், பாசியும் பிடிக்கும்.

செயற்கை வெளிச்சம் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, முக்கியமா பால்கனியே இல்லாத, எதிர் பில்டிங் செவுரு ஜன்னலை அடைச்சுக்கிட்டு நிக்கற ஃப்ளாட்காரங்க. ஊதா கலர்ல எரியற க்ரோ லைட்டுக்கு காசு கொடுக்க வேணாம், வீட்டுக்கு போடற வெள்ளை எல்ஈடி பேட்டனே போதும், டப்பால போட்டிருக்கற கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தை சொல்ற எண்) 4,000ல இருந்து 6,500 வரைக்கும் எதுவா இருந்தாலும் சரி. எண்ணிக்கையும் தூரமும்தான் விஷயம். நாலடி நீள 20 வாட் எல்ஈடி ட்யூப் ஒண்ணு மொத்தமா விடற வெளிச்சம் சுமாரா 2,000 லூமென், அதை இலைக்கு ஒரு அடி மேல வச்சா மூணாயிரம் லக்ஸுக்குள்ளதான் வரும். சீலிங்ல இருக்கற ட்யூப்லைட்டால ஒண்ணும் ஆகாதுன்னு இதுலயே தெரியும். ஃபெலனாப்சிஸுக்கு ஒரு ரேக்ல பக்கத்துல பக்கத்துல மூணு ட்யூப் கட்டி, இலைக்கு முக்கால் அடி, ஒரு அடி உயரத்துல தொங்கவிட்டா சமாளிச்சுடும். வெளிச்சம் வெயில் அளவுக்கு வராட்டியும் விடாம 12 மணி நேரம் எரியறதால அந்த குறை ஈடாகிடும், ஜன்னல்ல பத்தாயிரம் லக்ஸ்ங்கறது ஒரு நாளைக்கு ஒரு சில மணி நேரம்தானே வருது. ஒரு டைமர் ப்ளக் வாங்கிடுங்க, காலைல ஆறுக்கு ஆன், சாயங்காலம் ஆறுக்கு ஆஃப். மூணு ட்யூப் 12 மணி நேரம்னா ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி, மின்வாரியத்துக்கு ரெண்டு மாச கணக்குல பாத்தா 40 யூனிட் சொச்சம், கரன்ட் பில்லுல கட்டண ஸ்லாப் எங்க மாறுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கோங்க.

ராத்திரி பூரா லைட் எரிய விட்டா சீக்கிரம் வளரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஃபெலனாப்சிஸ், கேட்லியா, வாண்டா எல்லாம் பகல்ல இலையோட துளைகளை மூடி வச்சுக்கிட்டு ராத்திரிலதான் திறந்து காத்துல இருந்து கரியமில வாயுவை எடுத்து சேமிக்கும், பகல் வெளிச்சத்துல அதை வச்சு சமைக்கும். அதுக்கு இருட்டு வேணும். சில கேட்லியா பகல் குறையறதை வச்சுத்தான் பூக்கற நேரத்தையே கண்டுபிடிக்கும், தெரு விளக்கு விடிய விடிய மேல அடிக்கற இடத்துல அதுக்கு குழப்பம் ஆகிடும்.

இந்த வருஷம் ஐப்பசி மழை பிடிச்சப்புறம் நான் பண்ணப்போறது, நேரா நகர்த்தற வேலைதான். வாரக்கணக்கா மேகம் போட்டா பால்கனி ஓரத்துலயே மூணாயிரம் லக்ஸ் தாண்டாது, அதனால டென்ட்ரோபியம் எல்லாத்தையும் உள் வரிசைல இருந்து கிரில்லுக்கு மாத்திடுவேன், வாண்டா மாடிக்கு போகும், ஃபெலனாப்சிஸ் அதுங்க விட்ட இடத்துக்கு வரும். கார்த்திகை கடைசில வானம் தெளிஞ்சதும் வேட்டித் துணியை கட்டிட்டு மறுபடி எல்லாம் ஒரு அடி உள்ள. தை முடிஞ்சு பால்கனிக்குள்ள விழற வெயில் கிரில் பக்கமா சுருங்க ஆரம்பிச்சா துணியை கழட்டிடலாம். உங்க பால்கனி எந்தப் பக்கம், எத்தனாவது மாடி, எதிர்ல என்ன இருக்குன்னு எழுதுங்க, எந்த மாசம் எங்க வைக்கலாம்னு சேர்ந்து பாக்கலாம். தண்ணி எவ்ளோ விடணும்னு மட்டும் இதுல கேக்காதீங்க, அது தனி பஞ்சாயத்து, அடுத்த வாரம் எழுதறேன்.